நான் வந்து தட்டும்வரை

மகன் வீட்டிலிருந்து,
மே 20

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகளுக்கு இருந்த இருமல் விட்டுவிட்டது. என் மகனுக்கு வழக்கம்போல் வயிறு ஒன்றுதான் நன்றாக வேலை செய்கிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நம் பேத்தி சிட்டுவுக்கு உங்கள் ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. நேற்றிலிருந்து அவள் கால் தரையில் இல்லை. எங்கே தங்குவது என்பதில்தான் பேச்சு. “எங்கம்மா வீட்டுல இருக்கட்டும்” என்கிறாள் உங்கள் மகள். “ஹாஸ்டல்தான் சரி, வாசல்ல கேட் இருக்கு, காவலுக்கு ஆள் இருக்கு” என்கிறான் என் மகன். இரண்டு பேரும் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். தபால் நிலையக் கவுன்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து எழுந்த பிறகும் முத்திரை குத்தும் வேலை என்னை விடவில்லை.

போன வருடம் இரண்டு நாள் உங்களோடு தங்கியிருந்தேனே, அப்போது உங்கள் பின்வாசலில் நின்றால் கடல் தெரிந்தது. குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரோடு எனக்குப் பழக்கமில்லை. அந்தக் கடல் பொங்கினால் என்ன செய்வீர்கள்? பெண் பிள்ளை இருட்டியபின் நூலகத்திலிருந்து எப்படி வீடு வருவாள்? இவற்றுக்கு உங்கள் பதில் தெரிந்தால் என் முத்திரையைக் குத்திவிடுவேன்.

போனில் கேட்கலாம்தான். போனைக் கையில் எடுத்தால் எனக்குப் பாதி மறந்துபோகிறது. நீங்களும் எழுதியே அனுப்புங்கள்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் சம்பந்தி.


பைண்டிங் கடையிலிருந்து,
மே 29

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நான் நலம். முழங்கால் மேடு ஏறும்போது மட்டும் பேசும், இறங்கும்போது வாயை மூடிக்கொள்ளும். உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா?

சிட்டுவுக்கு இடம் கிடைத்த செய்தியைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பிழை பொறுக்கவும் என்றெல்லாம் நான் எழுதமாட்டேன். என் எழுத்து நன்றாகவே இருக்கும். இந்தக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் ஆராய்ச்சிப் புத்தகங்களில் நானூற்றுப் பன்னிரண்டு நான் தைத்தவை. படிப்பு அவர்களுடையது, முதுகு நான் வைத்தது. இனி என் பேத்தியே அங்கே படிக்கப் போகிறாள்.

ஊர்ப் பாதுகாப்பைக் கேட்டீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். நகர அலுவலகம் வீட்டுக்கு வீடு கொடுக்கிற பாதுகாப்புக் கையேட்டை இந்த வருடம் நான்தான் தைக்கிறேன். அறுநூறு பிரதி. தைக்கும்போதே மனப்பாடம் ஆகிவிட்டது. கடலில் குளிக்கலாமா கூடாதா என்று கரையில் கொடி சொல்லும். தெருமுனைக்குத் தெருமுனை நீல விளக்குக் கம்பம், அதில் ஒரு பொத்தான். அமுக்கினால் காவல் அலுவலகத்தில் ஆள் எழுந்திருப்பார். நூலகத்திலிருந்து இருட்டில் தனியாக வர வேண்டியதில்லை. வாசல் மேசையில் பெயர் கொடுத்தால் இரண்டு பேர் வீடுவரை கூட நடந்து வருவார்கள். கடல் ஏறுகிறது என்றால் அபாயச் சங்கு விட்டுவிட்டு மூன்று முறை ஊதும். ஊதினதும் மேட்டிலிருக்கும் கலையரங்கத்துக்கு எல்லோரும் ஏற வேண்டும். நீளமாக ஒரே முறை ஊதினால் ஆபத்து நீங்கியது, திரும்பலாம்.

ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். பின்னறையை அவளுக்கு ஒழித்துச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. நீங்கள் சரி சொல்லும் முன்பே அடித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

போன் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதும் நல்லதுதான். கடையில் வெட்டு மெஷின் சத்தத்தில் ஒன்றும் பேச முடிவதில்லை.

உங்கள் நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கும்,
சிட்டுவின் பாட்டி.


மகன் வீட்டிலிருந்து,
ஜூன் 8

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். ரத்த அழுத்தம் நான் மாத்திரையை மறக்கும் நாளில் மட்டும் என்னை நினைக்கிறது.

கையேட்டை இரண்டு முறை படித்தேன். என் மகனையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். “பரவாயில்லம்மா, நம்ம ஊர்ல இதுல பாதி கூட இல்ல” என்றான். அவன் மனதில் பாதிக் கல் கரைந்துவிட்டது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பொருளடக்கத்தில் கடைசி வரி: “23ஆம் பக்கம்: தனிக் கவனம் தேவைப்படுவோர் பதிவுப் படிவம்.” என் கைக்கு வந்தது 22ஆம் பக்கத்தோடு முடிகிறது. கடைசித் தாள் கிழிந்து போகவில்லை. தையலை ஒட்டி ஒரு நூல் அகலம் விட்டு, அளவுகோல் வைத்துக் கத்தியால் எடுத்தது போல் இருக்கிறது. உறை பிரிந்த கடிதங்களையே பார்த்துப் பழகிய கண் என்னுடையது, அதனால் பட்டுவிட்டது.

சங்கு ஊதும்போது யாருக்காவது நடக்க முடியவில்லை, பார்வையில்லை என்றால் அவர்களை யார் கூட்டிப் போவார்கள்? அந்தப் பக்கத்தில்தான் அது இருக்கும் போல. ஓய்வாக எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
சம்பந்தி.


பைண்டிங் கடையிலிருந்து,
ஜூன் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். மாத்திரையை மறக்காதீர்கள். சிட்டுவை நினைவுபடுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் பிரதி கழிவில் ஒதுக்கியது. பசை கொட்டிவிட்டது, அதனால் எடுத்தேன். வேறு ஒன்றுமில்லை.

நடக்க முடியாதவர்களைக் கேட்டீர்களே. தெருவுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி எல்லோரையும் கிளப்பிவிட்டுத்தான் தான் கிளம்ப வேண்டும். எங்கள் தெருவுக்கு யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். போன மாதம் நகர அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்கள், வேறு யாரும் கையைத் தூக்கவில்லை. பதினொரு வீடு, முப்பத்தெட்டு பேர். சிட்டு வந்தால் முப்பத்தொன்பது.

நான் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். தைப்பதற்கு முன் தாளை எண்ணாமல் ஊசியை எடுக்க மாட்டேன். நடுவில் ஒரு தாள் விட்டுப் போனால் புத்தகமே கெட்டது. மனிதர்களும் அப்படித்தான். அதனால் பதினொரு வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் வந்து தட்டும்வரை யாரும் வாசலைத் தாண்டக்கூடாது, ஆளாளுக்கு ஓடினால் என் எண்ணிக்கை குழம்பும். மூன்றாம் வீட்டில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். “நாப்பது வருஷம் நான் வருகைப் பதிவு எடுத்தேன், இப்ப எனக்கே நீங்க எடுக்கப்போறீங்களா?” என்றார். “ஆமா சார், வரலைன்னா பெஞ்சு மேல ஏத்திடுவேன்” என்றேன்.

இப்படி ஒரு வீட்டில் பிள்ளையை விட உங்களுக்கு யோசனை வேண்டாம்.

சிட்டுவின் பாட்டி.


மகன் வீட்டிலிருந்து,
ஜூன் 20

சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆசை.

சிட்டு உங்களோடுதான் இருப்பாள். வீட்டில் சொல்லிவிட்டேன். உங்கள் மகள் அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள், சந்தோஷத்தில்தான். ஜூலை 2ஆம் தேதி காலை வண்டியில் வருகிறாள்.

அவளைப் பற்றிச் சில வார்த்தை. காலையில் எழுப்புவது கஷ்டம். துண்டை எங்கே வைத்தோம் என்று அவளுக்குத் தெரியாது. யாரிடம் பேசினாலும் எதிரில் வந்து நின்று, முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடும் பழக்கமில்லை, நான் அப்படித்தான் வளர்த்தேன். குரலும் கொஞ்சம் பெரியது. அதட்ட வேண்டாம்.

பிள்ளையை உங்கள் கையில் கொடுக்கும்,
சம்பந்தி.


பைண்டிங் கடையிலிருந்து,
ஜூலை 21

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் மிகவும் நலம். சிட்டு ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது, அவள் இல்லை என்கிறாள்.

இந்த மூன்று வாரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டில் இரண்டு ஜோடி செருப்பு இருக்கிறது, அதைப் பார்க்கவே ஒரு நாளைக்கு நான்கு முறை வாசலுக்குப் போகிறேன். காலையில் அவளுக்குத் தலை பின்னி அனுப்புகிறேன். “பாட்டி, எனக்குப் பதினெட்டு வயசு” என்பாள். “தலைக்கு வயசில்லடி, திரும்பு” என்பேன். மாலையில் கடைக்கு வந்து எனக்குத் தாள் அடுக்கித் தருவாள். கையில் நிதானம் இருக்கிறது, வாயில்தான் இல்லை.

ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுவதில்லை, விளக்கைப் போட்டு அணைக்கிறாள். “மின்சார ஆபீஸ்ல உன்னைத் தேடப் போறாங்க” என்றேன். சிரித்தாள். என் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள்.

நீங்கள் அவளை அனுப்பியதற்கு ஒரு பெரிய நோட்டு தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். நூறு வருடம் பிரியாது. அதற்குள் எழுதி முடித்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 22 அன்று சங்கு ஒத்திகை. பதினொரு வீட்டையும் எத்தனை நிமிடத்தில் மேடு ஏற்றுகிறேன் பாருங்கள். அன்றிரவே உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் அன்புக்குரிய,
சிட்டுவின் பாட்டி.


மகன் வீட்டிலிருந்து,
செப்டம்பர் 15

சம்பந்தியம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்பது இது மூன்றாவது முறை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு கடிதம், இந்த மாதம் ஐந்தாம் தேதி ஒன்று. தபால் தொலைந்திருக்கும் என்று என்னிடம் யாரும் சொல்லிவிட முடியாது, வழியில் எங்கே தொலையும், எங்கே தொலையாது என்று எனக்குத் தெரியும்.

சிட்டு போனில் “பாட்டி நல்லா இருக்காங்க” என்கிறாள். ஒத்திகை எப்படி நடந்தது என்றால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு?

என்மேல் ஏதாவது வருத்தமா? இருந்தால் திட்டியாவது எழுதுங்கள். நீங்கள் தைத்துக் கொடுத்த நோட்டில் முதல் பக்கத்தில் இன்னும் நான் எதுவும் எழுதவில்லை.

கவலையோடு,
சம்பந்தி.


பைண்டிங் கடையிலிருந்து,
செப்டம்பர் 24

சம்பந்தியம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சிட்டுவும் நலம். உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நீங்கள்தான் இதைப் படித்தபின் என்மேல் படவேண்டும்.

ஒத்திகை அன்று காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. ஊதியது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் கடையில் ஒரு புத்தகத்துக்கு முதுகுத் துணி ஒட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடவில்லை. கடை அமைதியாக இருந்தது. எனக்கு இரண்டு வருடமாகக் கடை எப்போதுமே அமைதிதான்.

இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் எதிரில் நின்று பேசினால் கொஞ்சம் விழும், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன். வெட்டு மெஷினோடு முப்பது வருடம், அதன் கூலி இது என்றார் டாக்டர். உங்கள் மருமகளுக்கும் சொல்லவில்லை. அந்த 23ஆம் பக்கத்தை நான்தான் வெட்டினேன். காது கேளாதவர்கள் பெயரைப் பதியுங்கள் என்று அதில் முதல் வரியிலேயே இருந்தது. அதைப் பார்த்தால் உங்களுக்கு ஏதாவது தோன்றிவிடும், பிள்ளையை அனுப்ப மாட்டீர்கள் என்று பயந்தேன். பசை கொட்டியது என்று எழுதியது பொய்.

இருபத்தைந்து நிமிடம் பதினொரு வீடும் எனக்காகக் காத்திருந்தது. நான்தானே சொல்லியிருந்தேன், தட்டும்வரை வாசலைத் தாண்டக்கூடாது என்று. வாத்தியார் பூட்ஸ் போட்டு, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். மற்ற தெருக்காரர்கள் கூட்டமாக மேடு ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

இதையும் நான் எப்படியாவது பூசி மெழுகியிருப்பேன். சிட்டு செய்ததைத்தான் என்னால் மெழுக முடியவில்லை. அவள் வகுப்பிலிருந்து நேராகக் கலையரங்கத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே தெருவுக்கு ஒரு பலகை. எங்கள் தெருப் பலகைக்குக் கீழே ஒருவர் கூட இல்லை. வரிசைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, “போகக்கூடாது, நில்லும்மா” என்று கத்தினவர்களை விட்டுவிட்டு, எல்லோரும் ஏறும் பாதையில் அவள் மட்டும் கீழே ஓடி வந்திருக்கிறாள். நான் நிமிர்ந்தபோது கடை வாசலில் நிற்கிறாள். செருப்பு ஒன்று இல்லை. வாய் அசைகிறது. அழுகிறாள், அதனால் உதடு பிடிபடவில்லை.

அன்று ஒத்திகை. நிஜமாக இருந்திருந்தால் என் பேத்தி கடலைப் பார்த்து ஓடியிருப்பாள், சம்பந்தியம்மா. என்னால். இந்த ஒன்றை எழுதத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

அவளை விடுதிக்கு மாற்றிவிடுங்கள். விடுதி மேட்டிலேயே இருக்கிறது. பெட்டியை நானே கட்டித் தருகிறேன். தெருப் பொறுப்பையும் விட்டுவிடுகிறேன். இனி உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கும்,
சிட்டுவின் பாட்டி.


மகன் வீட்டிலிருந்து,
செப்டம்பர் 29

அக்கா,

இப்படியே கூப்பிடுகிறேன். நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர், சம்பந்தி சம்பந்தி என்று மரியாதையைச் சுமந்துகொண்டிருந்ததால்தான் நமக்கு இவ்வளவும் வந்தது.

எனக்குத் தெரியும். போன வருடம் நான் வந்திருந்தபோதே தெரியும். குக்கர் ஏழு விசில் அடித்தது, நீங்கள் அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். நீங்கள் “ஏன் அணைச்சீங்க, இன்னும் விசிலே வரல” என்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வந்து அவர்கள் குறையைச் சுட்டிக் காட்டுவதா என்று நினைத்தேன். போனில் எனக்கு எதுவும் மறப்பதில்லை, அக்கா. உங்களை அந்தக் கருவியோடு போராடவிட வேண்டாம் என்றுதான் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னைத் திட்டலாம். நீங்கள் தனியாக இருக்கிறீர்களே, பக்கத்தில் ஒரு காது இருக்கட்டும் என்றுதான் சிட்டுவை உங்களிடம் அனுப்பினேன். அவளிடம் காரணம் சொல்லவில்லை, “பாட்டிகிட்ட முகத்தைப் பாத்துப் பேசு” என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். உங்களிடமும் சொல்லவில்லை. என் மகனிடமும் சொல்லவில்லை. நீங்கள் பக்கத்தை வெட்டியது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் தெருப் பொறுப்பாளர் என்று எழுதியபோது அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அப்போதும் மரியாதை என்று சும்மா இருந்தேன். அவள் கீழே ஓடி வந்ததில் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி.

நேற்று மேசையில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். என் மகன் என்னோடு பேசாமல் எழுந்துபோனான். இன்று காலை காபி கேட்டான், சரியாகிவிடும். உங்கள் மகள் அடுத்த வாரம் உங்களைப் பார்க்க வருகிறாள், திட்டத்தான். வாங்கிக்கொள்ளுங்கள்.

விடுதி பற்றி சிட்டுவிடம் கேட்டோம். “மாத்தினா படிப்பையே விட்டுட்டு வந்துடுவேன்” என்கிறாள். அது மிரட்டல், நான் கணக்கில் எடுக்கவில்லை. நான் கேட்பது உங்களிடம். அந்த ‘நான் தட்டும்வரை’ என்கிற சட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். சங்கு கேட்டவர் கேட்ட நிமிடமே ஏறட்டும். உங்கள் காதைப் பற்றி நீங்களே தெருவில் சொல்லுங்கள், வேறு யார் வாயாலும் போக வேண்டாம். இரண்டையும் செய்துவிட்டு எழுதுங்கள். அதன்பின் அவள் எங்கே இருப்பது என்று பேசுவோம்.

சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி.


பைண்டிங் கடையிலிருந்து,
அக்டோபர் 16

தங்கச்சிக்கு,

நலம். உன் மருமகள் வந்து இரண்டு நாள் இருந்து திட்டிவிட்டுப் போனாள். அவள் உதடு எனக்கு எப்போதும் நன்றாகப் பிடிபடும், ஒரு வார்த்தை விடவில்லை. உன் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றாள். என்னால்தானே. மாத்திரையைக் கூட்டினார்களா?

நீ என்று எழுதிவிட்டேன், திருத்தப் போவதில்லை.

நீ சொன்னதைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்களைக் கடைக்குக் கூப்பிட்டேன். நின்றுகொண்டு சொன்னேன். முதல் வாக்கியம் சொல்லி முடிக்கும்வரைதான் கஷ்டம். நான்காம் வீட்டுக்காரி, “அய்யோ, நான் ரெண்டு வருஷமா உங்களுக்குத் தலைக்கனம்னு நினைச்சேன், கூப்பிட்டா திரும்ப மாட்டீங்களே” என்றாள். “அதுவும் கொஞ்சம் உண்டு” என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாத்தியார் உதட்டைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பொறுப்பை விடுகிறேன் என்றேன். விடவில்லை. சங்கு ஊதினால் அவரவர் கிளம்பிவிடுவது, நான் பின்னால் வந்து எல்லோரும் போய்விட்டார்களா என்று பார்ப்பது மட்டும் என்று முடிவாயிற்று. நகர அலுவலகத்தில் என் பெயரைப் பதிந்தேன். கடையிலும் வீட்டிலும் ஒரு சிவப்பு விளக்கு மாட்டிவிட்டுப் போனார்கள். சங்கு ஊதினால் அது கண்ணைச் சிமிட்டும். இப்படி ஒரு விளக்கு இரண்டு வருடமாக அந்த அலுவலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் சிட்டுவிடம் நான் தோற்றுவிட்டேன். இனி எது நடந்தாலும் மேட்டை விட்டுக் கீழே இறங்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய் என்றேன். “செய்ய மாட்டேன்” என்றாள். “விளக்கு எரியுது, ஆள் இருக்காங்க, நான் வந்துடுவேன்டி” என்றேன். “போன தடவையும் நீ வருவேன்னுதான் நினைச்சேன்” என்றாள். இரண்டு நாளாக விளக்கைப் போட்டு அணைத்துக்கூடக் கூப்பிடவில்லை.

நானே சொல்கிறேன், சத்தியம் செய்யும்வரை அவள் இங்கே இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒரு வார்த்தை அவளுக்கு எழுது.

உன் அக்கா.


மகன் வீட்டிலிருந்து,
அக்டோபர் 22

அக்கா,

மாத்திரை அதேதான், கூட்டவில்லை. உங்கள் மகள் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

சிட்டுவுக்கு எழுதவில்லை. எழுதி வாங்குகிற சத்தியம் அந்த நிமிடத்தில் காலைப் பிடித்து நிறுத்தாது. நீங்கள் வருவீர்கள் என்று அவள் நம்ப வேண்டும். அதை நான் இங்கிருந்து தபாலில் போட முடியாது.

இந்தப் பருவம் முடியும்வரை அவள் உங்களோடு இருக்கட்டும். பயத்தோடுதான் சொல்கிறேன். என் மகனும் அப்படித்தான் சம்மதித்தான். அதன்பின் பார்ப்போம்.

உங்கள் தங்கச்சி.


பைண்டிங் கடையிலிருந்து,
நவம்பர் 19

தங்கச்சிக்கு,

முதலில் இதைப் படி: இரண்டு பேரும் நலம், ஒரு கீறல்கூட இல்லை. சிட்டு போனில் சொன்னாள்தான், ஆனாலும் செய்தியில் எங்கள் கடற்கரையைப் பார்த்து நீ பயந்திருப்பாய்.

முந்தாநாள் காலையிலிருந்தே வானம் சரியில்லை. மதியம் மூன்று மணிக்குக் கடைச் சுவரில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. மூன்று சிமிட்டு, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று. ஒத்திகை தேதி இல்லை. பசைக் கிண்ணத்தை மூடிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

பாதிப் பேர் அதற்குள் கிளம்பியிருந்தார்கள். வீடு வீடாகப் பார்த்தேன். ஏழாம் வீட்டில் கைக்குழந்தையோடு அந்தப் பெண் பால் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள், “பாட்டில் மேல கிடைக்கும், நட” என்று இழுத்துக்கொண்டு வந்தேன். வாத்தியார் வாசலிலேயே பூட்ஸோடு நின்றார். “தட்ட வேண்டாம், கதவு பாவம்” என்றார். அவருக்கு மூச்சு, எனக்கு முழங்கால். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறினோம். திரும்பிப் பார்த்தபோது கீழ்ச் சாலையில் தண்ணீர் வந்திருந்தது. சத்தமில்லாமல், துணி விரிப்பது போல வந்தது. மற்றவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும்.

ஏறும்போது நான் ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரில் வருகிறவர்கள் யாராவது உண்டா என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்பில்லாமல் ஒரு பெண் ஓடி வருகிறாளா என்று. எல்லோர் முதுகும்தான் தெரிந்தது. யாரும் இறங்கி வரவில்லை.

கலையரங்க வாசலில் இரும்புக் கேட் ஒன்று உண்டு. அதன் உள்பக்கம் நின்றிருந்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பெயர் எழுதும் பெண் என்னிடம், “உங்க பேத்தியா? நாப்பது நிமிஷமா இப்படியே நிக்கிறா, உள்ள வந்து உட்காருன்னா கேக்கல” என்றாள். முகம் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நான் எதிரில் போய் நின்றேன்.

“இறங்கலை பாட்டி” என்றாள்.

“பாத்தேன்டி.”

“ரெண்டு தடவை கேட்டைத் திறந்துட்டேன். அப்புறம் மூடிட்டேன்.”

தங்கச்சி, கீழே ஓடி வருவது அவளுக்குச் சுலபம், அன்று ஓடி வந்தாளே. நிற்பதுதான் அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அந்தக் கையைப் பார்த்தபோது தெரிந்தது. கம்பியிலிருந்து தானாக வரவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிப்பது போல, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்து எடுத்தேன்.

அவளை எங்கே வைப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் சொல்லுங்கள். எனக்கு இப்போது எதற்கும் பயமில்லை.

உன் அக்கா.